வழுக்கைக்கு நான்கெல்லை

இன்று கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் என்று வழங்கும் ஊரில், ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன், படித்தவர்களும் விவேகிகளும் தர்க்க சாஸ்திரத்தில் கரை கண்டவர்களுமான மனிதர்கள், தத்தம் தலைமயிரைத் தத்தம் கையாலேயே, கத்தியின் ஒத்தாசைகூட இல்லாமல் வேரோடு பறித்தெறிந்துவிட்டு, அதையே பெரியதொரு விரதமாகக் கருதி வாழ்ந்திருந்தார்கள். அவர்கள் சமண முனிவர்கள். விரதத்துக்குக் கேசலுஞ்சனம் என்று பெயர். ஊருக்கு அப்போது பாடலிபுத்திரம் என்று பெயர். சர்வநந்தி என்னும் முனிவர் கி.பி. 458இல் 'லோகவிபாகம்' என்ற நூலை எழுதி முடித்த பாடலி இதுதான் என்பது சரித்திர ஆராய்ச்சியாளர் கொள்கை. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், தருமசேனர் என்ற பட்டத்தோடு அங்கிருந்த சமணப் பள்ளியில் தலைமை தாங்கியிருந்து, சூலைநோய் கண்டு, தமக்கையார் திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்குப் போய்த் திருநாவுக்கரசரான வரலாற்றைப் பெரிய புராணம் கேட்டவர்கள் எல்லோரும் அறிவார்கள். சமயத்தை மாற்றிக்கொண்ட அப்பர் பெருமான் தலையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதை, எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும், கையில் உழவாரப் படையோடு நிற்கும் அவருடைய மழித்த சிரசைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த விரதத்துக்குச் செலவு கிடையாது என்பது அதன் தனிச் சிறப்பு. இன்றோ, பாடலேசுவரரைத் தரிசித்துவிட்டு லாரன்ஸ் ரோடு வழியாக மஞ்சக்குப்பத்தை நோக்கி நடக்கிற ஒருவன், உதிர்ந்த மயிரை வளர்த்துத் தருவதாகவும், முகத்துச் சுருக்கத்தை நீக்கித் தருவதாகவும், பத்து வயதைக் குறைத்துத் தருவதாகவும் வாக்களிக்கும் பலகைகளை அண்ணாந்து படித்துக்கொண்டே போனால், எதிரே வரும் ஆட்டோவின் மீது மோதாமல் வீடு சேர முடியாது. கவரிமாவைப் பற்றித் திருவள்ளுவர் சொல்லிவைத்ததை எங்கள் ஊர்க்காரர்கள் இப்போதுதான் அட்சரம் பிசகாமல் அநுஷ்டிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நானும் அநுஷ்டிக்க நேர்ந்தது. அதைச் சொல்லுமுன் என் ஜீவனோபாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு பத்திர எழுத்தன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜையும் ஒரு கம்ப்யூட்டரும் போட்டுக்கொண்டு, கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை ஆகிய சகலவிதமான பத்திரங்களையும் எழுதிக் கொடுத்துக் காலட்சேபம் செய்பவன். என் வாக்கியங்கள் நீளமாக இருப்பதாக எவரேனும் குறைபட்டால், முற்றுப்புள்ளியொன்று இடம் மாறி விழுந்ததன் பயனாக இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதை அவர்கள் தயவுசெய்து நினைவில் கொள்ள வேண்டும்.

என் வழுக்கையையும் நான் இந்த நடையில்தான் எழுதுவேன். மேற்படியார் தெற்கு நோக்கி உட்கார்ந்திருக்கையில், புருவத்துக்கு வடக்கு, பிடரி மயிருக்குத் தெற்கு, இடது கிருதாவுக்கு மேற்கு, வலது கிருதாவுக்குக் கிழக்கு, இந்த நான்கெல்லைக்குட்பட்டதும், முன்பு நஞ்சையாக இருந்து நாளடைவில் தரிசாகிவிட்டதும், நடுவே குறுக்காக ஓடும் வரப்பு ஒன்று நீங்கலாக யாதொரு பயிரும் இல்லாததுமான பூமி. தகப்பனார் எனக்குச் சொத்தென்று எதையும் எழுதி வைக்கவில்லை. இந்த ஒன்று மட்டும் எழுதி வைக்காமலே வந்து சேர்ந்தது. தாய்வழிப் பாட்டனாருக்கும் இதே பூமி இருந்தபடியால், இது எந்த வழிப் பாத்தியம் என்று தீர்மானிப்பதும் கடினம்.

இத்தகைய பூமிகளுக்கும் தரம் பிரித்திருக்கிறார்கள் என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்கர் 1951இல் ஆண்களின் வழுக்கையை வகைப்படுத்தினார். நார்வுட் என்னும் மற்றொருவர் 1975இல் அதைத் திருத்தி ஏழு தரமாக அமைத்தார். வைத்தியர்கள் பெரும்பாலும் இன்றும் அந்தத் தரப்படிதான் எழுதுகிறார்கள். நடுவில் வரப்பு மிஞ்சியிருந்தால் நாலாந்தரம். வரப்பும் அழிந்து, காதுகளுக்கு மேலும் பிடரியிலும் குதிரை லாட வடிவில் மட்டும் மயிர் நின்றால் ஏழாந்தரம். அதற்கப்பால் தரம் இல்லை.

இத்தனை காலம் நான் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. பத்திர எழுத்தனுக்கு வழுக்கை ஒரு நற்சாட்சிப் பத்திரம். கட்சிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் அநுபவஸ்தன் என்று நம்பி வருகிறார்கள். ஆனால், எனக்குச் சொந்தமான ஒரு சிறு மனையை மகள் பேருக்குத் தானம் எழுதி வைக்கப் போனபோது ஒரு சங்கடம் உண்டாயிற்று. மூலப்பத்திரத்தில் ஒட்டியிருந்த என் போட்டோவில், நெற்றியை மறைத்துக்கொண்டு ஒரு சுருட்டை மயிர்க் கற்றை புரண்டது. அதை ஒருமுறையும் எதிரே நின்ற என்னை ஒருமுறையும் மாறி மாறிப் பார்த்த அதிகாரி, தினந்தோறும் என்னைப் பார்க்கிறவராயிருந்தும், "ரெண்டு பேரும் ஒரே ஆசாமிதானா?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குத்தான் கேட்டார். ஆயினும், ஆள் மாறாட்டம் என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய கூடத்தில் அது வேடிக்கையாக ஒலிக்கவில்லை. அதோடு, அங்குள்ள சின்னக் காமிராவில் என்னைப் படமெடுக்க உட்கார வைத்தபோது, மேலே எரிந்த விளக்கு என் சிரசில் பட்டுத் திரையெல்லாம் வெளிச்சமாகிவிடவே, பின்னால் கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்க, தலையை இப்படியும் அப்படியுமாகத் திருப்பச் சொல்லி நெடுநேரம் எடுத்துக்கொண்டார்கள். உடன் வந்திருந்த என் மனைவி அன்று மாலையே சிதம்பரத்திலுள்ள தன் தங்கைக்குப் போன் செய்தாள்.

சிதம்பரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கடலூரில் தோல் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை; ஆனால் கடலூரில் என் கட்சிக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. அன்றியும், சிதம்பரத்தில் போய் வைத்தியம் பார்த்துக்கொள்வதில் ஊர்ப்பற்றுக்குப் பங்கம் ஒன்றும் வந்துவிடாது. ஏனெனில், கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதே சிதம்பரத்தையடுத்த அண்ணாமலை நகரில்தான். 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்ற பெயரோடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாகத் தோன்றிய அது, 2021இல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறியபோது, கட்டடம், கட்டில், காம்பவுண்டுச் சுவர் யாவும் இருந்த இடத்திலேயே இருக்க, பட்டாவில் பெயர் மட்டும் மாறிக் கடலூரின் கல்லூரியாகிவிட்டது. நான் போன கிளினிக் அதுவல்ல. ரத வீதியொன்றை ஒட்டிய சந்தில், மாடிப்படி ஏறிப் போகிற இடம் அது. அங்கே இருந்த டாக்டரம்மாள் எனக்கு மகள் வயதுடையவர், பொறுமைசாலி.

எண்திசையும் விரிந்த சடையோடு ஆடுகிற பெருமானுடைய ஊரில், சிகையை முன்புறத்தில் வளர்த்து ஒரு பக்கமாக முடிந்துகொண்ட தீட்சிதர்கள் நடமாடும் வீதியில், என்னைப் போன்ற ஒருவன் மயிர் வேண்டி நடப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சம் அத்தோடு நிற்கவில்லை. கிளினிக்கின் வெளிக்கூடத்தில், பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவரின் கை மோதிரத்தை எங்கோ பார்த்ததாகத் தோன்றிற்று. பத்திரிகை தாழ்ந்ததும், அவர் மஞ்சக்குப்பத்தில் என் கட்சிக்காரர், தலை நிறைய மயிருள்ளவர் என்று நான் இதுகாறும் நம்பியிருந்தவர் என்பது வெளியாயிற்று. "என்ன அண்ணாச்சி, இவ்வளவு தூரம்?" என்றேன். "கொத்சு சாப்பிடலாம்னு வந்தேன். நீங்க?" என்றார். "நானும் அதுக்குத்தான்" என்றேன். கத்தரிக்காய்க் கொத்சுக்காக ஏறக்குறைய 45 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, கொத்சு கிடைக்காத ஒரு மாடியில் தனித்தனியே வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரிய மனிதர்கள் அதன் பிறகு பேசிக்கொள்ள விஷயம் இல்லை.

டாக்டரம்மாள் ஒரு சிறு காமிராவை என் தலைமேல் வைத்து நகர்த்தி, அது காட்டிய உருவத்தைத் திரையில் எனக்குக் காட்டினார். தரிசு என்று நான் எழுதிவைத்த பூமியில், கண்ணுக்குப் புலப்படாத பூனைமயிர் ஆங்காங்கே நின்றிருந்தது. மனிதன் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர் இருக்கிறது. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது சகஜம். ஒவ்வொரு மயிரும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கிறது. பரம்பரை வழுக்கையில் நேர்வது, ஒவ்வொரு முளைப்பிலும் மயிர் முன்னதைவிட மெலிந்து, குட்டையாகி, வேர் சுருங்கி, ஒருநாள் முளைக்காமலே போய்விடுவதுதான். "வேர் சுருங்கியிருந்தா ஊட்டம் குடுத்துப் பார்க்கலாம், ஐயா. வேரே போயிருந்தா நான் மட்டுமில்ல, யாராலும் முளைக்க வைக்க முடியாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை அவர் முதலிலேயே சொல்லிவிட்டதால்தான் நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். பலகைகளில் இந்த வாக்கியத்தை நான் எங்கும் கண்டதில்லை.

காரணம் என்னவென்று கேட்டேன். ஆண்மைச் சுரப்பிலிருந்து பிறக்கும் ஒரு ரசம், நெற்றிக்கும் உச்சிக்கும் உரிய வேர்களை வாட்டுகிறது, பிடரி வேர்களை விட்டுவிடுகிறது என்றார். பருவம் வருமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை, மேலே சொன்ன அந்த ஹாமில்டனே 1942இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறாராம். அவ்வளவு நிச்சயமான பரிகாரம் வைத்திய சாஸ்திரத்தில் வேறொன்று இல்லையென்று தெரிந்தும், அந்த மார்க்கத்தை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. இனி விசாரித்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டரம்மாள் சமாதானம் சொன்னார். மினாக்சிடில் என்ற தைலம் ஒன்று உண்டு. ரத்தக் கொதிப்புக்காகக் கண்டுபிடித்த மருந்து அது. உட்கொண்ட நோயாளிகளுக்குக் கண்ட இடத்திலெல்லாம் மயிர் முளைக்கவே, அதைத் தலைக்குத் தடவும் மருந்தாக்கி, 1988இல் அமெரிக்க அரசாங்கத்தின் அநுமதியும் பெற்றுவிட்டார்கள். அதையும் தடவிக்கொண்டு, இதையும் செய்துகொள்ளலாம் என்பது அவர் அபிப்பிராயம்.

'இது' என்பதுதான் பி.ஆர்.பி. நம்முடைய ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள தட்டணுக்களைத் திரட்டி, நம்முடைய தலையிலேயே குத்திவிடுவது. தட்டணு என்றால் விழிப்பவர்கள்கூடப் பிளேட்லெட் என்றால் புரிந்துகொள்வார்கள். டெங்கு காய்ச்சல் எங்கள் ஜில்லாவுக்குக் கற்பித்த பாஷை அது. மழைக்காலம் வந்துவிட்டால், நிலவேம்புக் குடிநீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவு கௌண்ட்டு?" என்று மார்க் விசாரிப்பது போல ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளாத தெரு கிடையாது. ஆரோக்கியமானவனுக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் உண்டு. டெங்குக்காரர் இருபதாயிரத்துக்கு இறங்கிவிட்டு, மறுபடி ஐம்பதாயிரமாவது ஏறவேண்டுமே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டிருக்கையில், பி.ஆர்.பி.க்காரர் பத்து லட்சம் வேண்டுமென்று தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

இந்த அணுக்கள் ரத்தம் உறையக் காரணமானவை என்று 1882இல் இத்தாலிய வைத்தியர் பிட்சோசெரோ கண்டு சொன்னார். காயம் பட்ட இடத்தில் முதலில் போய் விழுந்து அடைப்பவையும் இவையே. அடைத்தபின், பக்கத்துத் திசுக்களை வளரச் சொல்லித் தூண்டும் பலவகைப் புரதங்களைத் தம் வயிற்றிலிருந்து உதிர்ப்பவையும் இவையே. 1998இல் மார்க்ஸ் என்ற அமெரிக்க நிபுணர், தாடையெலும்பு இழந்தவர்களுக்கு எலும்பு ஒட்டவைக்கையில் இந்தத் தட்டணுச் சாற்றையும் சேர்த்து, எலும்பு சீக்கிரம் கூடியதாக எழுதினார். தாடையிலிருந்து மூட்டுக்கும், மூட்டிலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து தலைக்குமாக அது பரவிற்று. முகத்துக்குப் போடுவதற்கு அமெரிக்காவில் ரத்தம் குடிக்கும் பேயின் பெயரையே சூட்டி விளம்பரம் செய்தார்கள். 2013இல் கிம் கார்டாஷியன் என்ற டெலிவிஷன் நட்சத்திரம் ரத்தத் துளிகள் அரும்பிய முகத்தோடு படமெடுத்து வெளியிட்டபின், பேய்க்குப் பயப்படுகிறவர்கள் எவரும் மிஞ்சவில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. நியூ மெக்சிகோ மாநிலத்தில், அநுமதி பெறாத அழகு நிலையம் ஒன்றில் இந்த முகச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றிய விஷயம் 2018இல் வெளிப்பட்டு, அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024இல் அதை விவரமாக அறிக்கையிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையில் 2016இல், முடி நடுகை செய்துகொண்ட இளைஞர் ஒருவர், தாமே மருத்துவ மாணவராயிருந்தும், இரண்டாம் நாளே உயிரிழந்தார். இவற்றையெல்லாம் என் மனைவி படித்து வைத்திருந்தாள். ஆகையால், ஊசி உறையிலிருந்து பிரிக்கப்படுவதை நேரில் பார்த்தாலொழியத் தன் புருஷனைத் தொட விடுவதில்லை என்று டாக்டரம்மாளிடம் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளாமல், உறையை அவளிடமே கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்.

முழங்கை நரம்பிலிருந்து, உறையாமல் காக்கும் மருந்து ஏற்கெனவே ஊற்றியிருந்த நீலமூடிக் குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். அதைச் சுழற்றும் யந்திரத்தில் எதிரெதிராகக் குழிகள் இருக்கின்றன. ஒரு குழியில் குழாயை வைத்தால், எதிர்க்குழியில் அதே எடையுள்ள குழாய் ஒன்று இருக்கவேண்டும், இல்லையேல் யந்திரம் மேஜையோடு குதிக்கும். என் ரத்தம் நிரம்பியவை ஒற்றைப்படையாய்ப் போனபடியால், நர்ஸ் பெண் ஒரு காலிக் குழாயை எடுத்து, வாஷ்பேசின் குழாயில் தண்ணீர் பிடித்து, என் ரத்தத்தின் மட்டத்தோடு ஒத்துப்பார்த்து, ஒரு சொட்டுக் குறைத்து, எதிர்க்குழியில் வைத்தாள். வம்சம், கோத்திரம், பரம்பரை என்றெல்லாம் நான் பெருமை பாராட்டிய ரத்தத்துக்கு எதிரே சிதம்பரம் நகராட்சியின் தண்ணீர் அணுவளவும் தாழாமல் உயராமல் உட்கார்ந்திருந்தது. யந்திரம் ஒரு சலனமுமின்றிச் சுழன்றது.

சுழன்று நின்றபின் பார்த்தால், குழாயின் அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. சிவப்பு வேண்டியதில்லையென்று ஒதுக்கிவிட்டார்கள். மேல்நீரை வேறு குழாய்க்கு மாற்றி, இன்னொரு தரம் வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கிய சொற்பத்தைக் கலக்கி எடுத்தார்கள். எத்தனை வேகம், எத்தனை நிமிஷம், ஒரு சுற்றா இரண்டு சுற்றா, எத்தனை மடங்கு திரட்ட வேண்டும் என்பதிலெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் ஒருமைப்பாடு கிடையாதாம். ஆகையால் ஒருவர் கண்ட பலனை மற்றொருவர் கண்ட பலனோடு வைத்துப் பார்ப்பதும் சிரமம். பலன் கண்டவர்களும் இருக்கிறார்கள், வெறும் உப்புநீர் குத்தியவர்களோடு பார்க்கையில் வித்தியாசம் காணாதவர்களும் இருக்கிறார்கள். இதையும் டாக்டரம்மாளே சொன்னார். மாதத்துக்கொரு தரமாக மூன்று நான்கு தரம் போட்டுப் பார்ப்பது வழக்கம் என்றும் சொன்னார். ஒரு தரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் என்பதை வெளிக்கூடத்துப் பெண் சொன்னாள்.

மரத்துப்போகும் களிம்பைத் தலையில் அப்பி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தபின், ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, சர்வேக்காரர் கல் நடுகிற ஒழுங்கில், நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஊசி விழுந்தது. களிம்பு உச்சியை மரக்கச் செய்ததே தவிர, நெற்றியோரத்தைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் சுருக்குனு இருக்கும், ஐயா" என்று ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் அவர் சொல்லிக்கொண்டே வந்தது ஆறுதலாக இல்லை. அடுத்தது எப்போது என்ற முன்னறிவிப்பாகத்தான் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு யோசித்தேன். வைத்தியம் என்று நான் அறிந்த மற்றெல்லாவற்றிலும் மருந்து வைத்தியனுடையது, நோய் நம்முடையது. குணமாகாவிட்டால் மருந்தின்மேல் குற்றம் சொல்லலாம். இந்த ஒன்றில்தான் நோயும் நம்முடையது, மருந்தும் நம்முடையது. விற்பவனும் வாங்குபவனும் ஒரே ஆசாமியாயிருக்கிற கிரயம் இது. நான் அப்படியொரு பத்திரத்தை எழுதிக்கொண்டு போனால் எந்தச் சார்பதிவாளரும் பதிவு செய்யமாட்டார். கைமாறுவது பணம் ஒன்றுதான். முளைக்காவிட்டால் என் ரத்தத்தையே நான் நொந்துகொள்ள வேண்டும்.

ஊசியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதுவரையில் சுவரோரமாக நின்று உறைகளை எண்ணிக்கொண்டிருந்த என் மனைவி, கண்ணுக்குக் கீழே கறுப்புக்கும் இது போடுவதுண்டா என்று கேட்டாள். உண்டு, பருத் தழும்புக்கும் உண்டு என்றார் டாக்டரம்மாள். "அப்போ மிச்சத்தை வீணாக்க வேணாமே. எனக்குக் குத்திவிடுங்களேன்." ஒருவர் ரத்தத்திலிருந்து எடுத்ததை அவருக்குத்தான் போடலாம், மற்றவருக்குப் போடக் கூடாது என்று அவர் விளக்கினார். என் மனைவி என் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷமா உங்க ரத்தத்தை நான் குடிக்கிறதாத்தானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கீங்க? அப்போ ஒத்துக்கிச்சு, இப்போ ஒத்துக்காதா?" என்றாள். நர்ஸ் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிச்சம் என் புருவத்துக்கு மேலே, கணக்கில் வராத ஒரு குத்தாகப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குத் தலையை நனைக்கக் கூடாதென்றும், வெயில் ஆகாதென்றும் உத்தரவு வாங்கிக்கொண்டு, தங்கையின் வீட்டுக்குப் போகிற வழியில், இளமையாக்கினார் கோயிலுக்குப் போய்விட்டுப் போகலாமென்று என் மனைவி சொன்னாள். நடராஜர் கோயிலுக்கு மேற்கே இருக்கிற அந்தக் கோயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டர் என்னும் குயவனார், பரத்தை வீடு சென்று வந்ததால் மனைவி வெகுண்டு திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட, அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டு, ஒரே வீட்டில், ஒருவரையொருவர் தீண்டாமல், அயலார் அறியாமல், இருவரும் கிழப்பருவம் எய்தும் வரை வாழ்ந்தார். சிவபெருமான் யோகியாக வந்து, ஓர் ஓட்டைக் கொடுத்துவைத்து, அதைத் தாமே மறையச் செய்து, பின்பு திருப்பிக் கேட்டு, "மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்" என்று வழக்காடினார். தீண்ட முடியாத தம்பதிகள் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு மூழ்கினார்கள். எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தார்கள். சேக்கிழார் அடியார்களின் வரலாற்றைத் தில்லைவாழ் அந்தணரிடம் தொடங்கி, அடுத்தபடியாகச் சொல்வது இவர் கதையைத்தான். ஒப்படைத்த பொருள், அது காணாமற்போனது, சாட்சி, பிரமாணம் என்று அதில் இருக்கிற வியாஜ்ஜியம் முழுவதும் என் தொழிலைச் சேர்ந்தது. ஆகையால் அதில் எனக்கு எப்போதும் ஒரு தனிப் பிரியம்.

அந்தக் குளத்துப் படியில் வந்து நின்றோம். உலகத்திலேயே யௌவனம் திரும்பக் கிடைத்ததாகச் சொல்லப்படும் தண்ணீர் எதிரே கிடக்கிறது. ஒரு முழுக்குக்கு ஒரு காசு கிடையாது. நானோ அன்று தலை நனைக்கக் கூடாதவன். "நீங்க நனைய வேணாம், நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் இறங்கி இரண்டு கை தண்ணீரை அள்ளிக் கண்ணுக்குக் கீழே மட்டும் ஜாக்கிரதையாகத் தடவிக்கொண்டாள். ஐயாயிரம் ரூபாய்ச் சிகிச்சை என் தலையிலும், இலவசச் சிகிச்சை அவள் முகத்திலும் ஒரே நாளில் ஆரம்பமாயிற்று. எது முந்திப் பலித்ததென்று கேட்கிறவர்களுக்கு, அவள் பக்கத்தில் இருக்கையில் நான் பதில் சொல்வதில்லை.

என் பக்கத்தைச் சொல்லலாம். இதற்குள் சில முறை போட்டாயிற்று. தரிசு தரிசாகவே இருக்கிறது. வரப்பு மட்டும் சற்றுத் தடித்திருக்கிறது. பூனைமயிர் என்று காமிராவில் தெரிந்தவற்றுள் சில, காமிரா இல்லாமலே தெரியும்படி வந்திருக்கின்றன. இது ரத்தத்தின் வேலையா, தினமும் தடவுகிற தைலத்தின் வேலையா, குளக்கரையில் நின்றதன் பயனா என்று பாகம் பிரித்துக் கொடுக்க டாக்டரம்மாளும் துணியவில்லை. கொத்சுக்கு வந்த கட்சிக்காரர், பத்திரம் எழுத வந்தபோது என் தலையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கொத்சு ஒத்துக்கிட்டிருக்கு" என்றார்.

இந்த நிலையில்தான், நான்காவதாக மற்றொரு கட்சி இருப்பது எனக்குத் தெரியவந்தது. கடலூருக்கு மேற்கே, கெடிலக் கரையில் திருவந்திபுரத்தில் எழுந்தருளியிருக்கிற தேவநாதப் பெருமாளுக்கு, அநுமார் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையின் துண்டு விழுந்ததாகச் சொல்லப்படும் ஔஷதகிரியின் அடிவாரத்தில், திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்களும் வந்து முடி இறக்குவது இந்தப் பக்கத்து வழக்கம். முதல் ஊசிக்கு முந்தின நாளே, என்னைக் கலக்காமல், என் மனைவி அந்தப் பெருமாளிடம் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறாள்: புருஷன் தலையில் மயிர் முளைத்தால், முளைத்த மயிரைப் பெருமாளுக்கே கொடுத்துவிடுவதாக. ஒருவன் உயிரோடும் நினைவோடும் இருக்கையில், அவன் சிரசிலுள்ள அநுபோக பாத்தியத்தை அவன் கையெழுத்தின்றி மற்றொருவர் எழுதிக் கொடுப்பது செல்லாது என்று நான் வாதாடினேன். "வளர்ந்தது நான் வேண்டிக்கிட்டதாலதானே? வளராம இருந்திருந்தா நீங்க குடுக்க வேண்டியதே இல்லையே" என்று ஒரே வார்த்தையில் அவள் வழக்கை முடித்துவிட்டாள்.

எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை வைத்தியத்தின் ஆட்சேபம். சிரைத்தால் இத்தனை பிரயாசையும் வீணாகிவிடும் என்று டாக்டரம்மாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பெருமாளும் கால அவகாசம் கொடுப்பார் என்று எண்ணிப் போன் செய்தேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "வேரு தோலுக்கு அடியில இருக்கு, ஐயா. மேல தெரியறது உயிர் இல்லாத இழை. தாராளமா மொட்டை போட்டுக்கங்க. சொல்லப்போனா, மொட்டையா வந்தீங்கன்னா ஊசி போட எங்களுக்கும் வசதி" என்றார்.

ஆகவே, அடுத்த ஊசிக்கு முந்தின நாள் திருவந்திபுரத்தில் முடி இறக்குவதென்று நாள் குறித்தாயிற்று. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கிளினிக்குக்கு வரக் கூடாது என்கிறார் டாக்டரம்மாள். மொட்டை போட்ட தலையைச் சந்தனமில்லாமல் சிதம்பரம் வரை கொண்டுபோவது அபசகுனம் என்கிறாள் என் மனைவி. வழக்கு நிலுவையில் இருக்கிறது.